பட்டாபி ஸாரின் சைக்கிள் மணி

பட்டாபி ஸாரை நல்ல மனுஷர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்ல மனுஷர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். தில்லி கிட்வாய் நகரில் பதினான்கு வருஷம் அவர் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. அவர் செய்ததும் எனக்குத் தெரியும், செய்யாமல் விட்டதும் தெரியும்.

முழுப்பெயர் பட்டாபிராமன். மன்னார்குடிப் பக்கம். ஜூவில் கிளார்க். எங்கள் பிளாக்கில் என் அகத்துக்காரர் ராஜகோபாலன் உட்பட எல்லோரும் கிருஷி பவன், சாஸ்திரி பவன், நார்த் பிளாக் என்று பெரிய சர்க்கார் ஆபீஸ் பேராக மிடுக்காகச் சொல்லிக்கொள்வார்கள். இவர் மட்டும் ஜூ என்பார். எந்தக் கூண்டு ஸார் என்று கேட்காத ஆள் கிடையாது. இருபது வருஷமாக அதே ஜோக். இவரும் கூடவே சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதிலுக்கு ஒரு வார்த்தை சூடாகச் சொல்ல வேண்டாமா? சொல்ல மாட்டார். டிபன் பாக்ஸை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பான்ட்டுக்கு க்ளிப் போட்டுக்கொண்டு, கறுப்பு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.

அவருடைய தனிமைக்கு முதல் காரணம் வெள்ளிக்கிழமை. ஜூவுக்கு வார விடுமுறை அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிகிற நாள், ஆபீஸில் ஆள் இருந்தாக வேண்டும். தில்லியில் தமிழன் தமிழனைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமையில்தான். பஜனையா, ஞாயிறு. கரோல் பாகில் பெண் பார்க்கிறார்களா, ஞாயிறு. லோதி கார்டனுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகிறோமா, அதுவும் ஞாயிறு. எதற்கும் இவரால் வர முடியாது. கொஞ்ச நாளில் இவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். இவருக்கு லீவு கிடைக்கிற அன்று பிளாக்கில் ஓர் ஆண்பிள்ளை இருக்கமாட்டார். ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்த் தனக்கும் எனக்கும் காப்பிப்பொடி, கறிவேப்பிலை வாங்கி வருவார். மாடி ஏறி வந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பார். அகத்துக்காரர் இல்லாத வேளையில் உள்ளே வந்து உட்காரக் கூடாதாம். காப்பியும் நின்றபடிதான். புலி, சிங்கத்துக்கெல்லாம் வாரத்தில் ஒருநாள் வயிற்றைக் காயப்போடுவார்கள், அதுவும் வெள்ளிக்கிழமை என்று ஒருமுறை சொன்னார்.

"புலிக்கும் எனக்கும் ஒரே நாள்ல விரதம் மாமி."

நான் சிரித்தேன். அவருடையது பேச்சுத்துணை இல்லாத விரதம் என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று.

இரண்டாவது காரணம் அவரேதான். எந்த விஷயத்திலும் உடனே முடிவு சொல்லத் தெரியாத ஜென்மம். பிடிக்கவில்லை என்றும் சொல்லமாட்டார், பிடித்திருக்கிறது என்றும் சொல்லமாட்டார். 'பார்க்கலாம்' என்பார். முப்பது வயதில் ஒரு வரன் வந்ததாம். பெண் தஞ்சாவூரில் டீச்சர். இவருக்கும் பிடித்திருந்தது, அம்மாவுக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா, சம்மதத்தை ஒரு வரி எழுதுங்கள் என்று தில்லிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அம்மா தில்லி வர ஒப்புவாளா, வாடகைக்கு இடம் கிடைக்குமா என்று இவர் யோசித்துக்கொண்டே நாலு மாசம் அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். ஐந்தாவது மாசம் அதே பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. இதை அவர் என்னிடம் ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் கதை போலச் சொன்னார். அப்புறம் அம்மா வந்தாள், கூட இருந்தாள், எழுபத்தொன்றாம் வருஷம் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் இவரும் சாமி அலமாரியும் மிச்சம்.

இனி சாரஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

சாரஸ் என்பது கொக்கு ஜாதி. ஆளுயரம் இருக்கும். சாம்பல் உடம்பு, சிவப்புத் தலை. ஜூவில் பழைய கோட்டைச் சுவர் தெரிகிற பக்கம் ஒரு வேலிக்குள்ளே ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி இருந்தது. ஆபீஸ் ஷெட்டில் சைக்கிளை நிறுத்தினால் எதிரே அந்த வேலிதான். ஜோடியில் ஆண் கழுத்தை நிமிர்த்தி ஒரு குரல் கொடுக்கும். அது முடிகிறதற்குள் பெண் இரண்டு குரல் கொடுக்கும். ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு இரண்டு என்று சேர்ந்து கத்துவதை நானே போய்க் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வீடு நடப்பதுதானே என்று என் அகத்துக்காரர் சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எழுபத்தைந்து டிசம்பரில் பெண் பறவை செத்துப்போயிற்று. வேடிக்கை பார்க்க வந்த எவனோ வீசின கம்பித்துண்டை விழுங்கியிருக்கிறது. மறுநாளிலிருந்து ஆண் பறவை கூப்பிடும், நிறுத்தும், காத்திருக்கும். மறுபடி கூப்பிடும். இரை எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்கிற ராம்தீன், இது இனி பத்து நாள் தாங்காது பாபுஜி என்று சொல்லிவிட்டான். பட்டாபி ஸார் ஷெட்டில் சைக்கிளை விடும்போது பறவை ஒரு குரல் கொடுத்தது. இவருக்கு என்ன தோன்றிற்றோ, மணியை இரண்டு தடவை அடித்தார். பறவை தலையைத் திருப்பிற்று. மறுபடி கூப்பிட்டது. இவர் மறுபடி இரண்டு அடித்தார். அது இறக்கையை விரித்துக் குதித்துக் குதித்து ஆடிற்றாம். அன்று சாயங்காலம் இரை எடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்று இதைச் சொன்னபோது அவர் கையில் காப்பி ஆறிப்போயிற்று. அதுவரை அந்த மனுஷர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஐம்பத்தொரு வயதில் ஒருத்தருக்கு, தான் வந்தால் எட்டிப் பார்க்க ஒரு ஜீவன் கிடைத்திருக்கிறது. அதன் பிறகு காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் அது வழக்கமாகிவிட்டது. அது ஒரு குரல், இவர் இரண்டு மணி. ஊருக்குப் போகிற லீவைக்கூட வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அது என்ன செய்யும் என்று என்னிடம் கவலைப்படுவார். என்ன செய்யும், உங்களைப் போல மார்க்கெட்டுக்குப் போகும் என்று நான் கேலி செய்வேன்.

எழுபத்தொன்பது செப்டம்பரில் அவருக்கு மலேரியா. தில்லியில் பாதிப் பேருக்கு இருந்தது. நான் கஞ்சி எடுத்துக்கொண்டு கீழே போனேன். என் மாமியாருக்குத் திதி வந்தது, பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். மன்னார்குடியிலிருந்து அவர் தம்பி சேஷு வருஷா வருஷம் தபாலில் அனுப்புகிற பஞ்சாங்கம்தான் எங்கள் பிளாக் முழுவதற்கும். அது சாமி அலமாரியில் இருக்கும். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் போர்வையை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். நூற்றிமூன்று டிகிரி காய்ச்சலில் எதற்கு எழுந்திருக்கிறார் என்று அவரைப் படுக்கச் சொல்லி அதட்டிவிட்டு நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். அதற்கு அடியில் மடித்த காகிதம் இரண்டு இருந்தது. சர்க்கார் காகிதம். அடுத்தவர் மறைத்து வைத்த எதையும் நான் படிப்பதில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் படித்தேன்.

இரண்டும் கிழக்கே ஒரு சின்ன ஊர் ஜூவிலிருந்து வந்தவை. முதல் கடிதம் எழுபத்தெட்டு ஏப்ரல். எங்களிடம் ஒரு பெண் சாரஸ் ஒரு வருஷமாகத் தனியாக இருக்கிறது, உங்களிடம் ஆண் தனியாக இருப்பதாக அறிகிறோம், கொடுத்தால் ஜோடி சேர்க்கலாம், ஆள் அனுப்பி நாங்களே அழைத்துப்போகிறோம் என்று இருந்தது. இரண்டாவது அதே வருஷம் நவம்பரில் வந்த நினைவூட்டு. டைப் அடித்த இரண்டு வரிக்குக் கீழே அந்த ஊர் சூப்பரிண்டெண்டெண்ட் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார். தினமும் காலையில் அது கூப்பிடுகிறது.

ஆபீஸுக்கு வருகிற கடிதத்தைப் பிரித்து, ஃபைலில் வைத்து, அதிகாரியின் மேஜைக்கு அனுப்புவது பட்டாபி ஸாருடைய வேலை. அவர் அனுப்பாவிட்டால் கடிதம் வந்ததே அங்கே யாருக்கும் தெரியாது. அதைக் கொண்டுவந்து சாமி அலமாரியில், பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். சாமிக்கு முன்னால் வைத்தால் திருட்டு இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

கடைசி வரியைப் படித்தாரா என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"படிச்சேன் மாமி. படிச்சுட்டுத்தான் வச்சேன். அதை அனுப்பிட்டா அப்புறம் நான் அந்த ஷெட்ல சைக்கிளை விட்டுட்டு எதுக்கு நிக்கணும்?"

காய்ச்சல்காரர் என்று நான் பார்க்கவில்லை.

"அங்க அது ஒத்தையா நின்னு கத்தறது, இங்க இது ஒத்தையா நின்னு கத்தறது. நடுவுல நீங்க பஞ்சாங்கத்தை வச்சு அமுக்கிண்டு உக்காந்திருக்கேள். உங்களுக்குப் பேச ஆள் இல்லேன்னா என்னண்ட வந்து பேசுங்கோ, உள்ள வந்து உக்காருங்கோ, யார் வேண்டாம்னா? அதுக்கு ஒரு வாயில்லா ஜீவனையா கட்டிப் போடணும்? அந்தத் தஞ்சாவூர்ப் பொண்ணு கடுதாசியையும் இப்படித்தானே வச்சிருந்தேள்?"

கடைசியாகச் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்தது. அவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். நான் திதி பார்க்காமலே மாடிக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளைகள் இரண்டும் என்ன ஆயிற்று என்று ஹிந்தியில் கேட்டதுகள். எதைச் சொல்ல?

காய்ச்சல் விட்டு ஆபீஸ் போன முதல் நாளே இரண்டு கடிதத்தையும் ஃபைலில் வைத்து அனுப்பிவிட்டார். இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சொல்லிக்கொள்ளும்படி காரணம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். நல்லகாலம், அதிகாரி ஓர் எச்சரிக்கையோடு விட்டார். பறவையைக் கொடுக்கலாம் என்று உத்தரவு ஆயிற்று. அதை இவரே டைப் அடித்து அந்த ஊருக்கு அனுப்பினார். ஷெட்டில் தச்சன் உட்கார்ந்து பெட்டி செய்ய ஆரம்பித்தான். சாரஸ் நிமிர்ந்து நிற்க வேண்டும், தலை இடிக்கக் கூடாது, உள்ளே கோணி தைக்க வேண்டும் என்று இவர் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிச் செய்வித்தார். சைக்கிள் மணியையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, பெட்டியோடு அனுப்ப எடுத்து வைத்தார்.

"புது எடம். அந்தப் பொண்ணு பழகற வரைக்கும் ரெண்டு நாள் யாராவது அடிக்கட்டும் மாமி," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெட்டியைப் பற்றியே பேசினார். அவருக்கு அது போவது எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் தாங்காது.

பத்து நாளில் பதில் வந்தது. தபாலைப் பிரிப்பது அவர்தானே, அவர்தான் முதலில் படித்தார். உங்கள் உதவிக்கு நன்றி, ஆனால் எங்கள் பெண் சாரஸ் கடந்த ஜூன் வெயிலில் இறந்துவிட்டது, ஆகவே ஆண் பறவை இப்போது தேவைப்படவில்லை என்று இருந்தது.

ஜூன். நான் பஞ்சாங்கத்தை எடுத்தது செப்டம்பரில். என் திட்டுக்கூட மூன்று மாசம் லேட். முதல் கடிதத்துக்கே வழி செய்திருந்தால் ஒரு வருஷத்துக்கு மேல் அவை சேர்ந்து இருந்திருக்கும். வெயிலில் அது செத்ததா, வேறு எதனாலா, அதெல்லாம் நான் டாக்டர் இல்லை. ஆனால் பட்டாபி ஸார் மனசில் அது எதனால் செத்தது என்பதில் சந்தேகமே இல்லை.

அவர் கேட்டது கேட்டபடி கிடைத்தது. பறவை அவரிடமே இருந்துவிட்டது. காலிப் பெட்டியில் கொஞ்ச நாள் விளக்குமாறு போட்டு வைத்தார்கள்.

அதன் பிறகு அவர் மணியைச் சைக்கிளில் மாட்டவில்லை. பின்பக்க வாசலால் ஆபீஸுக்குள் போனார். ஐந்தாம் நாள் ராம்தீன் ஆபீஸுக்குள்ளேயே வந்து, பாபுஜி, அது காலையிலிருந்து கத்துகிறது, மீனைத் தொடவில்லை, நீங்கள் என்ன தப்புக்காக அதைத் தண்டிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டான். இவர் டப்பாவிலிருந்து மணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஓடினார்.

எண்பத்திரண்டில் ஐம்பத்தெட்டு முடிந்து ரிடையர் ஆனார். ஆசிய விளையாட்டுக்காக ஊரெல்லாம் பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மன்னார்குடியில் தம்பி சேஷு கொல்லைப்பக்கம் இவருக்கென்று ஓர் அறை கட்டி, சுண்ணாம்பும் அடித்து, அண்ணா எப்போது வருகிறாய் என்று எழுதியிருந்தான். நான் நினைத்தேன், இந்தக் கடிதம் எந்த அலமாரிக்குப் போகப்போகிறதோ என்று. வந்த அன்றே பதில் எழுதினார். பதினான்கு வருஷத்தில் அவர் அன்றைக்கே பதில் போட்டு நான் பார்த்த கடிதம் அது ஒன்றுதான். வரவில்லை என்று எழுதியிருந்தார். போகல் என்கிற பேட்டையில் மொட்டைமாடி அறை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து ஜூ பக்கம். தினம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார், சைக்கிளை வெளியே விட வேண்டியிருப்பதால் மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார் என்று கேள்விப்பட்டேன். வயசான காலத்தில் கிறுக்கு என்றார் என் அகத்துக்காரர். நான் அன்று அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

எண்பத்துநான்கு ஜனவரியில் ஒருநாள் நிஜாமுதீன் ஸ்டேஷனில் என் நாத்தனார் ஜெயலட்சுமியை ரயிலேற்றிவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி, பனி இன்னும் விலகவில்லை. ஜூவின் வெளிச்சுவர் ஓரமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்கிறார். மங்கி குல்லாய், மப்ளர். நிற்கிற தினுசிலேயே தெரிந்துவிட்டது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனேன்.

பாதியாய் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. என்ன, இன்றைக்கு உள்ளே போகவில்லையா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை மாமி," என்றார்.

ஜூவுக்கு லீவு நாள் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. அப்போது உள்ளேயிருந்து, மரங்களுக்கெல்லாம் அப்பாலிருந்து, அந்தக் குரல் வந்தது. ஒரே குரல். அதன் பிறகு நிசப்தம். பட்டாபி ஸார் மணியை இரண்டு தடவை அடித்தார். பக்கத்தில் லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற ரோடு. மணி எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இது அதுக்குக் கேக்குமா?" என்றேன்.

"கேக்காது."

"பின்ன எதுக்கு இந்தக் குளிர்ல வந்து நிக்கறேள்? ஆத்துக்கு வாங்கோ, சூடா ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். கண் கலங்கியிருந்ததா, பனியா, தெரியவில்லை.

"அங்க அது அத்தனை நாள் கூப்பிட்டதுக்கு யாருமே பதில் சொல்லலை மாமி. சொல்ல விடாம நான் உக்காந்திருந்தேன். இது கூப்பிடறபோதாவது நான் இருக்கணும்."

திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. உடம்பைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, மன்னார்குடியில் சுண்ணாம்பு அடித்துப் பூட்டிக் கிடக்கிற அறையைப் பற்றி. எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பித்தேன். பின்னால் ஆட்டோக்காரன் ஜல்தி, ஜல்தி என்று கத்திக்கொண்டிருந்தான். நான் பேசிக்கொண்டே இருந்ததில் உள்ளேயிருந்து அடுத்த குரல் வந்து முடிந்துவிட்டது. அவர் மணி அடிக்கவில்லை. ஒரு தடவை தவறிப்போயிற்று.

அவர் என்னைப் பார்த்தார். பட்டாபி ஸாருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, மணியின் மேல் கட்டைவிரலை வைத்துத் தயாராக நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.